வெறும் வயிறும் திருவிருந்தும்

ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நோயாளியின் கையை எப்படிப் பிடிப்பது, அழுகிறவர் முன்னால் எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதை நான் மறுபடி ஓதப் போவதில்லை. பணியில் இருந்த காலம் முழுக்க நான் போட்ட ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சண்டையை நான் விடவில்லை. இனி எனக்கு மெமோ கொடுக்க யாராலும் முடியாது, அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

இந்தத் தோல் தொழில் ஊர்களுக்கு நடுவே இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் போதகராக இருந்தவள். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். நான் அங்கி போட்டுக்கொண்டு திருவிருந்துப் பெட்டியோடு வார்டுக்குள் நுழைந்தாலும், கட்டிலில் இருப்பவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

"ஐயர் வரலீங்களா?"

"நான்தான் ஐயர்."

"அப்போ உங்க வீட்டுக்காரரு?"

"அவரு டேனரியில சூப்பர்வைசரு. தோலு ஊற வெச்சிக்கினு இருப்பாரு."

கடைசிவரை ஐயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் விடாத சண்டை வேறு, அது சாப்பாட்டைப் பற்றியது.

நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திருவிருந்து, அதாவது நற்கருணை, எடுக்கிற நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார்கள். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிய பிறகுதான் காபி. வேதத்தில் இப்படி ஒரு கட்டளை கிடையாது, ஆனாலும் அது ஆண்டவருக்குக் காட்டும் மரியாதை. என் அம்மா அப்படித்தான் இருந்தாள், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். சபை ஆராதனைக்கு நடந்து வரத் தெம்பு உள்ளவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வார்டில் கதை வேறு.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த லுங்கி நெசவுக்காரர் ஒருவர் ஆண்கள் வார்டில் இருந்தார். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நர்ஸ் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டு, இட்லித் தட்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐயரம்மா வருகிற நாளாயிற்றே என்று மனிதர் இட்லியைத் தொடவே இல்லை, தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அன்று பார்த்து மேல் மாடியில் ஒரு சாவு. அந்தக் குடும்பத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. நான் கீழே வந்து சேர்ந்தபோது அவர் சட்டை நனையும்படி வேர்த்து, நாக்குக் குழறி, என்னைத் தன் மகள் என்று நினைத்து ஏதோ புலம்பிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார். நினைவு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நற்கருணை முடிஞ்சிடுச்சா?"

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பைபிளைத் திறந்து அவருக்கு ஏதோ வாசிக்கப் போனேன். அந்த வார்டின் தலைமை நர்ஸ் என்னைத் தனியாக அழைத்தார். கறாரான மனுஷி. பெயர் எழுதினால் மேலே இருந்துகொண்டே என்னைத் திட்டுவார், அதனால் வேண்டாம். "ஐயரம்மா, பசியோட கெடக்கறவங்களப் பாத்ததும் வசனத்த எடுக்காதீங்க. இன்னா பசின்னு மொதல்ல கேளுங்க. சோத்துப் பசிக்கு வசனம் குடுக்கறதும் தப்பு, மத்த பசியச் சோத்தப் போட்டு மூடறதும் தப்பு" என்றார். நான் படித்த வேதசாஸ்திரக் கல்லூரியில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னேன். "நாளைக்கு திருவிருந்து. எல்லாரும் சாப்பிட்டுட்டு ரெடியா இருங்க." சிலர் சிரித்தார்கள், சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். விஷயம் சபைக் கமிட்டிவரை போயிற்று. கமிட்டிப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, பக்தியையே ஒழிச்சிடுவீங்க போலக்கீதே?"

"ஐயா, ஆண்டவர் மொதல் திருவிருந்து குடுத்ததே ராத்திரி சாப்பாட்டு நடுவுலதான். சீஷருங்க பட்டினியாவா ஒக்காந்திருந்தாங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளைங்கள அங்கி போட விட்டா இப்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலிடத்தில் புகாரும் செய்தார். கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் நான் கட்டில் கட்டிலாகப் போய் அதையேதான் சொன்னேன்.

நான் உபவாசத்தையே கேலி செய்கிறேன் என்று யாரும் கிளப்பிவிடாதீர்கள். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் நானும் உபவாசம் இருக்கிறவள்தான். ஆனால் இதைக் கேளுங்கள். ஒரு ரம்ஜான் மாதம், பேரணாம்பட்டிலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவர், நோன்பை விடமாட்டேன் என்று மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தார். அவர் மகன் போய் அவர்கள் தெரு மசூதி ஹஜ்ரத்தையே அழைத்து வந்துவிட்டான். அவர் கட்டிலருகே நின்று, "நோயாளிக்கு நோன்பு கடமை இல்லம்மா. ஒடம்பு தேறினப்புறம் வெச்சிக்கலாம், இப்ப சாப்பிடு" என்று கஞ்சி டம்ளரைத் தன் கையாலேயே நீட்டினார். அந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நம்மவர்களில் இப்படிச் சொல்ல என்னைத் தவிர ஒருவர் இல்லையே என்று வருத்தப்பட்டேன். அதற்கு நேர் எதிரான ஒருவரோடு மோதும் நாள் சீக்கிரமே வந்தது.

எஸ்தர் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பி தேவராஜை அவள்தான் வளர்த்தாள், அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எஸ்தருக்கு உணவுக்குழாயில் புற்று. எச்சில்கூட உள்ளே இறங்காது. கையில் எப்போதும் ஒரு டம்ளர், அதில்தான் துப்புவாள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், பாலும் கஞ்சியும் அதன் வழியேதான். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் அட்டை தொங்கியது. ரேடியேஷன் நடந்துகொண்டிருந்தது.

நான் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டர் என்னை வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். "ஐயரம்மா, இது உங்க டிபார்ட்மென்ட். அந்தம்மா குழாயில கஞ்சி போட விட மாட்டேங்கறாங்க. உபவாசமாம். இன்னிக்கும் ஒண்ணும் உள்ள போகலன்னா ரேடியேஷன நிறுத்திடுவேன், ஒடம்பு தாங்காது. நிறுத்திட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வார்டுக்குப் போனேன். தேவராஜ் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அவனும் சாப்பிட்டிருக்கவில்லை, கண் குழிவிழுந்திருந்தது. ஜெபக் கூட்டம் நடத்துகிற பிரசங்கியார் ஒருவர் அவனிடம் சொல்லியிருக்கிறார்: குழாய் என்பது அவிசுவாசம், அதை மூடிவிட்டு உபவாசம் இருந்தால் தொண்டை திறக்கும். தம்பிக்கு அக்கா பிழைத்தால் போதும். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். எனக்கு வசனம் நுனிநாக்குவரை வந்துவிட்டது. அந்தப் பிரசங்கியாரைக் கிழித்துத் தொங்கவிடவும் வார்த்தை தயாராக இருந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எஸ்தரு, இன்னா பசிம்மா உனக்கு?"

அவள் டம்ளரில் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். குரல் கரகரவென்று வந்தது. "சோத்துப் பசியெல்லாம் போய்டுச்சி ஐயரம்மா. அது பழகிடுச்சி."

"அப்போ வேற இன்னா?"

"போன வாரம் எங்க சபை ஐயரு வந்தாரு. பக்கத்து பெட்டுக்கு நற்கருணை குடுத்தாரு. என்கிட்ட வந்தாரு, இந்த அட்டையப் பாத்தாரு, ஜெபம் மட்டும் பண்ணிட்டு போய்ட்டாரு. பந்தியில எல்லாருக்கும் எல போட்டு, என்னை மட்டும் எழுப்பி உட்டா மாதிரி ஆய்டுச்சிம்மா."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினாள். "சின்ன வயசுல கம்பெனில ஒரு மெஷின் கெடச்சா போதும்னு இருந்தேன். அப்புறம் சூப்பர்வைசர் ஆனா போதும்னு இருந்தேன். அப்புறம் சொந்த வீடு. எல்லாம் கெடச்சிது. உள்ள இருக்கற பசி மட்டும் அப்டியே கெடந்துச்சி. அந்தத் துண்டு அப்பத்த வாங்கறப்பதான் அது அடங்கும். இப்ப அதுவும் இல்ல. பட்டினி கெடந்தாவது அவரு என் பக்கம் திரும்பிப் பாப்பாரான்னுதான்."

தொண்டை திறக்க வேண்டும் என்பது தம்பியின் ஜெபம். அக்கா கேட்டது வேறு. அவளுக்கு ஆண்டவருடைய பந்தியில் ஓர் இடம் வேண்டியிருந்தது. ஓர் அட்டையைப் பார்த்து நாம் அவளுக்கு இலை போடாமல் போனோம், இலை கிடைக்காதவள் பட்டினியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நேரே டாக்டரிடம் போனேன். "ஒரு துண்டு அப்பத்தத் தண்ணியில நல்லா கரைச்சி, ஒரு சொட்டு திராட்சை ரசம் சேத்து, குழாயில விடலாமா?"

டாக்டர் விழித்தார். பிறகு, "கட்டி இல்லாம கரைச்சா தாராளமா விடலாம். ஆனா கஞ்சி உள்ள போகணும். அது போகலன்னா எனக்கு எதுவும் உதவாது" என்றார்.

திரும்பி வந்து சொன்னேன். எஸ்தருக்கு முகமெல்லாம் வெளிச்சம். உடனே கையை நீட்டித் தடுத்தாள். "குடுங்கம்மா. ஆனா வெறும் வயித்துலதான் வாங்குவேன். கஞ்சி வேணாம்."

எச்சில் விழுங்க முடியாதவளிடமும் அந்தப் பழக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கஞ்சி போகாவிட்டால் சிகிச்சை நின்றுவிடும். அப்பத்தை இப்போதே கொடுத்துவிட்டால், பட்டினிக்கு ஆண்டவர் கொடுத்த கூலி என்று அவளும் தம்பியும் நினைத்துக்கொள்வார்கள், குழாய் மூடியே கிடக்கும்.

"எஸ்தரு, உன் லைன்ல ஒரு பொண்ணு டிபன் சாப்பிடாம வந்தா இன்னா பண்ணுவ?"

"மெஷின்ல ஒக்கார விடமாட்டேன். மயக்கம் வந்திச்சின்னா ஊசி வெரல்ல எறங்கிடும். சாப்பிட்டுட்டு வாடின்னு கேன்டீனுக்குத் தொரத்துவேன்."

"இல்ல மேடம், உங்க மேல இருக்கற மரியாதையிலதான் பட்டினியா வந்தேன்னு அவ சொன்னா?"

"ஒதைப்பேன்."

சொன்னவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

நர்ஸ் கஞ்சியை எடுத்து வருவதற்குள் தேவராஜ் எழுந்துவிட்டான். "அக்கா, வேணாம்க்கா! இவ்ளோ நாள் இருந்ததெல்லாம் வீணாப் போய்டும்" என்று பதறினான். பிரசங்கியாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கத்துக் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"குழாயில ஊத்தறது நற்கருணையா? ஆண்டவரை அவமானப்படுத்தாதீங்க. முதல்ல அந்தக் குழாயை மூடச் சொல்லுங்க. விசுவாசம் இருந்தா அந்தம்மா வாயாலயே சாப்பிடுவாங்க."

நான் போனை வாங்கிக்கொண்டேன்.

"ஐயா, கதவெல்லாம் பூட்டியிருந்த வீட்டுக்குள்ள வந்து சீஷருங்க நடுவுல நின்னவரு அவரு. அவருக்கு ஒரு ரப்பர் குழாய் பெருசா? இன்னொண்ணும் கேட்டுக்குங்க. செத்த பொண்ணை எழுப்பி உட்டுட்டு, இவளுக்கு சாப்பிட எதனா குடுங்கன்னுதான் அவரு சொன்னாரு. பட்டினி போடச் சொல்லல. வெச்சிடுங்க."

போனைத் தேவராஜின் கையில் கொடுத்தேன். அவன் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

கஞ்சி இறங்கியது. பிறகு பெட்டியைத் திறந்து, சின்ன வெள்ளைத் துணியை அவள் மடியில் விரித்தேன். அப்பத்தை அவள் கண்ணெதிரே பிட்டுக் கரைத்தேன். வழக்கமான வார்த்தைகளில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் சொன்னேன். குழாயில் அது இறங்கும்போது எஸ்தர் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"ருசி தெரியலம்மா" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"பரவால்ல. உள்ள கூப்ட்டு ஒக்கார வெச்சிட்டாரு."

ரேடியேஷன் தொடர்ந்து நடந்தது. ஞாயிறுதோறும் முதலில் கஞ்சி, பிறகு அப்பம். வயிற்றில் குழாய் வைத்திருந்த மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தேன். கமிட்டிப் பெரியவர் இதற்குக் குழாய்ப் பந்தி என்று பெயர் வைத்தார். கேலியாகத்தான் வைத்தார். எஸ்தருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. வார்டில் புதிதாகக் குழாயோடு வருகிறவர்களிடம், "நம்ம பந்திக்கு வா, முன்ன சாப்பிட்டுட்டு வா" என்று லைனில் பெண்களை அதட்டுவது போலவே அதட்டுவாள். தேவராஜ் மட்டும் அந்த நேரத்தில் வராந்தாவுக்குப் போய்விடுவான். பிரசங்கியாரை அவன் விட்டுவிட்டிருந்தான். ஆனால் அக்காவின் வயிற்றைக் காயப்போட்டவன் என்று தன்னையே மன்னிக்க முடியாமல், திருவிருந்தின் பக்கமே வராமல் நின்றான்.

எஸ்தரின் தொண்டை திறக்கவில்லை. சிகிச்சை சில மாதங்களை வாங்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். பிறகு நோய் ஈரலுக்கும் பரவியது. குழாயில் விட்டதும் வெளியே வர ஆரம்பித்தது. குழாயிலும் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கட்டிலருகே நின்றேன்.

எஸ்தர் கண்ணைத் திறந்தாள். "நீங்க சாப்ட்டீங்களா?"

"இல்லம்மா, ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு..."

"சாப்பிட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போய்ட மாட்டேன்."

ஊருக்கெல்லாம் சாப்பிடச் சொன்ன நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் வயிற்றோடுதான் சுற்றிக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கேன்டீனுக்குப் போய் அழுதுகொண்டே பொங்கல் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது விழித்துக் காத்திருந்தாள். தேவராஜ் அன்று வெளியே போகவில்லை, அக்காவின் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

அப்பத்தைப் பிட்டு அவள் உள்ளங்கையில் வைத்தேன். வாயால் வாங்க முடியாத நோயாளி மனதார விரும்பினால், அவர் உண்மையாகவே உண்டவர் என்று நம் பழைய ஆராதனை முறையிலேயே இருக்கிறது. அதை அவள் காதில் சொன்னேன். விரல்களை மூடி, அப்பத்தைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு கையைத் திறந்து தம்பியின் வாயருகே கொண்டுபோனாள்.

"நான் சாப்ட்டேன். இது உனக்கு."

அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவன் வாயைத் திறந்தான்.

உங்களிடமும் கேட்பார்கள். தொண்டை திறக்கவில்லை, நோயும் போகவில்லை, உங்கள் ஆண்டவர் அவளுக்கு என்னத்தைக் கொடுத்தார் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். தலையைக் குனியாதீர்கள். நம் கையில் இருக்கிறது மருந்து என்று ஏமாற்றவும் வேண்டாம், பட்டினி போட்டால்தான் அவர் பார்ப்பார் என்று அவரைக் கொடுமைக்காரராக ஆக்கவும் வேண்டாம். அவர் தன்னையே கொடுத்தார், அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

எஸ்தரை அடக்கம் செய்த அன்று அவர்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. கம்பெனிப் பெண்கள் யூனிபார்மோடு வந்து நின்றார்கள். சொந்தக்காரப் பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "ஒரு வாய் கஞ்சிக்கு வழியில்லாம, பசியோடவே போய்ட்டியேம்மா!" அந்தப் பிரசங்கியாரும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பதில் சொல்லலாம் என்று எழுந்தேன். எனக்கு முன்னால் தேவராஜ் எழுந்துவிட்டான்.

"யாரும் அப்டி சொல்லி அழாதீங்க" என்றான் உரக்க. "எங்க அக்கா பசியோட போவல. சாப்ட்டுட்டுதான் போச்சி."